கோமுவின் ஈரலில் இருந்த புழு

கல்லிடைக்குறிச்சிப் பள்ளிக்கூட வாத்தியார் சங்கரசுப்பிரமணியனின் மனைவி கோமுவுக்கு வள்ளைக்கீரை என்றால் உயிர். குத்தகைக்கு விட்ட வயலைப் பார்க்கிற சாக்கில் போவாள். வாய்க்காலில் படர்ந்திருக்கும் இளந்தண்டை ஒடித்து, முந்தானையில் துடைத்து, பச்சையாகவே மெல்லுவாள். மசக்கைக்காரிக்கு மாங்காய் மாதிரி அவளுக்கு அது.

1998இல் வலது விலாவுக்குக் கீழே பொறுக்க முடியாத வலி வந்தது. பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் பித்தக்கல்லாக இருக்கும் என்று அறுத்தார்கள். ஈரலிலிருந்து வரும் பித்தக்குழாயில் இருந்ததோ தட்டையான ஒரு புழு. இது ஆட்டு ஈரலில் இருக்கிற புழுவாயிற்றே என்றார் டாக்டர். அதை மனதுக்குள் வைத்துக்கொண்டிருக்கலாம் அந்தப் புண்ணியவான்.

சைவப் பிள்ளைமார் வீட்டில் இதைவிடப் பெரிய இடி ஏது? ஆட்டு ஈரலைத் தின்றவளுக்குத்தானே அந்தப் புழு வரும் என்று மாமியார் முடிவுகட்டிவிட்டாள். பூசையறையும் அடுக்களையும் கோமுவுக்கு இல்லையென்று ஆயின. தட்டும் தம்ளரும் தனி. கவிச்சியைக் கையால்கூடத் தொட்டதில்லை என்று அவள் அழுதாள். வாத்தியார் திட்டவில்லை, ஆதரித்தும் பேசவில்லை. ஊரில் அவருக்கு நல்ல மனுசர் என்று பேர். நல்ல மனுசர்கள் இப்படித்தான் கழுத்தறுப்பார்கள்.

டாக்டர் அந்தப் புழுவை, கால்நடைப் புழுக்களை ஆராய்ச்சி செய்யும் விஜயஸ்ரீ என்ற பெண்ணுக்கு அனுப்பியிருந்தார். ஆட்டில் வருவதும் மாட்டில் வருவதும் பார்வைக்கு ஏறக்குறைய ஒன்றுபோலவே இருக்கும். மரபணுவைப் பார்த்தால்தான் சந்தேகமில்லாமல் தெரியும். சில மாதம் கழித்து விஜயஸ்ரீ வாத்தியாரை வரச்சொல்லி விளக்கினார். கோமுவிடம் எடுத்தது, அவர்கள் ஊர் எருமைகளின் ஈரலில் இருக்கிற அதே இனம். சாணியோடு முட்டை தண்ணீரில் விழும். குஞ்சு நத்தைக்குள் வளர்ந்து வெளியே வந்து கீரைத்தண்டில் ஒட்டிக்கொள்ளும். பச்சையாகத் தின்றால் உடம்புக்குள் போகும். ஈரலைத் தின்று யாருக்கும் இது வராது, தின்றால் புழுவும் சேர்ந்து செரித்துவிடும் என்றார்.

வாத்தியார் பஸ்ஸை விட்டு இறங்கி ஓட்டமும் நடையுமாக வந்தார். அம்மாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுக் கோமுவிடம் போனார்.

"நீ ஒண்ணும் திங்கலைன்னு தெரிஞ்சுபோச்சு கோமு. மனசுல எதையும் வச்சுக்கிடாத. உள்ள வா."

கோமு பாயை விட்டு எழவில்லை.

"புழு சொன்னா நம்புதீங்க. பதினெட்டு வருசமா கூட இருக்கவ சொன்னா நம்பலியே."

அன்றைக்கு வாத்தியாரே அடுப்பு மூட்டினார். சோறு குழைந்துபோயிருந்தது; மாமியார் அதையே சாப்பிட்டாள். கோமு பசிக்கவில்லை என்று சொல்லிவிட்டாள்.