மாத்திரையும் முளைப்பாரிச் சாவியும்

"ஆக்சிஜன் உயிரும் குடுக்கும், உடம்பை உள்ளுக்குள்ள அரிக்கவும் செய்யும். இரும்புல துருப்பிடிக்கிற மாதிரி" என்றார் டாக்டரம்மா. "ஈஸ்ட்ரோஜன் சுரந்த வரைக்கும் அதுக்கு ஒரு தடுப்பு இருந்துச்சு. இந்த ஹார்மோன் மாத்திரை அதைத் திருப்பித் தரும்னு சில சோதனையில தெரியுது, சிலதுல தெரியலை. அதுக்காக நான் எழுதலை. உங்க வேர்வைக்கும் தூக்கத்துக்கும்தான்."

எனக்கு மாதவிலக்கு நின்று ஒரு வருடம்தான் ஆகியிருந்தது. அதற்குள் திடீர் திடீரென்று உடம்பு கொதித்து, ஜாக்கெட் நனைந்து, விடிய விடிய விழித்துக் கிடந்து, எதிரில் வருகிறவர்களையெல்லாம் கடித்துக் குதறிக்கொண்டிருந்தேன். அதிகம் கடிபட்டவர் என் வீட்டுக்காரர். பழங்காநத்தத்தில் இரும்புக் கடை வைத்திருக்கிறார். துரு என்றதும் அவருக்கு முகம் மலர்ந்துவிட்டது.

"அப்ப ரெட் ஆக்சைடு ஒரு கோட்டிங் அடிச்சுவிட்டாப் போதுமே. நம்ம கடையிலயே கெடக்கு."

அன்று இரவு அவருக்கு வெறும் ரசம்தான்.

மாத்திரை வேலை செய்தது. பல மாதம் கழித்து முழுதாகத் தூங்கி எழுந்த காலையில் சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். அவர் பயந்துபோய் காபி போட்டுக் கொடுத்தார்.

கொஞ்ச நாளில் மதுரைக்கு மேற்கே எங்கள் ஊரில் திருவிழா வந்தது. அம்மனுக்கு முளைப்பாரி போடுவார்கள். சட்டியில் எருவும் பயறும் இட்டு, இருட்டறையில் வளர்த்து, கடைசி நாள் தலையில் சுமந்து போக வேண்டும். அந்த அறையில் தண்ணீர் தெளிக்கிற உரிமை விலக்கு நின்ற பெண்களுக்கு மட்டும். சில வருடங்களாக அது என் நாத்தனார் கையில் இருந்தது. என்னைவிட இரண்டு வயது மூத்தவர். அறைச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு கலெக்டர் மாதிரி நடப்பார். இந்த முறை ஊர்ப் பெண்கள் என்னைச் சொன்னார்கள்.

"ஏத்தா, ஒனக்கு நின்னுருச்சுல்ல?" என்று ஆண்கள் உட்கார்ந்திருந்த இடத்தில் வைத்தே கேட்டார் நாத்தனார்.

"நின்னுருச்சு மதினி" என்று நானும் மைக் இல்லாமலே ஊருக்குச் சொன்னேன். சாவி என் இடுப்புக்கு வந்தது. அதற்கு நான் எவ்வளவு ஆசைப்பட்டிருக்கிறேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

பயறு விரல் உயரம் வளர்ந்திருந்தபோது எனக்கு உதிரம் கண்டது. பதறிப்போய் டாக்டரம்மாவுக்கு போன் போட்டேன்.

"முதல்லயே சொன்னேனே. இந்த வகை மாத்திரையில மாசாமாசம் கொஞ்சம் படும். பயப்படாதீங்க."

சொல்லியிருக்கிறார்தான். நான் துருவை மட்டும் கேட்டுக்கொண்டு வந்திருக்கிறேன்.

நேரே நாத்தனாரிடம் போய்ச் சொன்னேன். பெண்கள் கூடிவிட்டார்கள். மாத்திரையால் வருவது கணக்கில் சேராது என்றாள் ஒருத்தி. ஆத்தாளுக்கு மாத்திரையைப் பற்றி எப்படித் தெரியும் என்றாள் இன்னொருத்தி. நாத்தனார் தீர்ப்புச் சொன்னார்.

"மாத்திரைய நிப்பாட்டு. இல்லாட்டி சாவியக் குடு."

வருத்தமாகத்தான் இருந்தது. ஆனாலும் சாவியை எடுத்து நீட்டினேன். "வச்சுக்கங்க மதினி. தூக்கத்தை நான் தரமாட்டேன்."

கடைசி நாள் ஊர்வலத்தில் ஓரமாக நின்றேன். வெயில் தாழ்ந்து நல்ல காற்று அடித்தது. முளைப்பாரி சுமந்து வந்த வேறு யாருக்கும் வேர்க்கவில்லை. முன்னால் வந்த நாத்தனாருக்கு மட்டும் நெற்றிக் குங்குமம் கரைந்து மூக்கில் ஓடியது, ஜாக்கெட் முதுகோடு ஒட்டியிருந்தது. அது எனக்கு நன்றாகத் தெரிந்த வேர்வை. என் எதிரே வந்ததும் நின்றார். தலையைத் திருப்ப முடியாது, கண்ணை மட்டும் திருப்பினார்.

"ஏத்தா, அந்த டாக்டரம்மா என்னைக்கெல்லாம் இருக்காக?"

"துருப்பிடிக்காதுன்னு நம்பி வராதீக மதினி. அது இன்னும் நிச்சயமில்லையாம்."

"துரு கெடக்கட்டும். தூக்கம் வருமா?"

"எனக்கு வந்துச்சு. ஆனா சாவி போயிருச்சு."

"அதை எவளாச்சும் வச்சுக்கட்டும்" என்று சொல்லிவிட்டு, சட்டி ஆடாமல் நடந்தார்.