தேறியவர்கள் எங்கே போனார்கள்

மோகனூர் சாலையில் ஒரு கோழிப்பண்ணையைத் தனியாளாகக் கட்டி மேய்க்கிறவள் தனப்பிரியா. குழந்தை பிறந்த கையோடு வந்த மனச்சோர்வு அவளைப் படுக்கையில் தள்ளியிருந்தது. மருத்துவம் பார்த்ததில் பசியும் தூக்கமும் திரும்பின. முட்டை ஏற்ற வருகிற லாரிக்காரர்களோடு மல்லுக்கு நிற்கும் தெம்பும் வந்துவிட்டது. ஆனாலும் தான் தேறிவிட்டதை அவள் நம்பவில்லை. இதே மனச்சோர்வு வந்த தாய்மார்களுக்கென்று செல்போனில் இருந்த ஆதரவுக் குழு ஒன்றில் அவள் சேர்ந்திருந்தாள். அதில் காலையும் மாலையும் ஒரே பேச்சு: "இது போகாது. போன மாதிரி இருந்துவிட்டுத் திரும்ப வரும்." அத்தனை பேர் சொன்னால் பொய்யாகவா இருக்கும்?

ஒருநாள் ஊரிலிருந்து வந்த அப்புசாமி மாமா, வழி தெரியாமல் பண்ணையின் ஓரக் கொட்டகைக்குள் நுழைந்தார். அங்கே கோழிகளெல்லாம் சிறகு தொங்கச் சுருண்டு கிடந்ததைப் பார்த்துப் பதறிப்போனார்.

"ஏஞ்சாமி, பண்ணையே சீக்கு உழுந்துருச்சா?"

தனப்பிரியாவுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "சீக்குக்கோழியத்தானுங்க மாமா இங்க பிரிச்சு உடறது! தேறுனதெல்லாம் பெரிய ஷெட்டுக்குப் போயிருச்சுங்க. அங்க போய்ப் பாத்துட்டுப் பேசுங்க."

சொல்லிவிட்டு அப்படியே நின்றுவிட்டாள். குழுவில் முன்பு தினமும் எழுதிக்கொண்டிருந்த எத்தனையோ பேர் இப்போது எழுதுவதில்லை. அவர்கள் எங்கே போனார்கள் என்று அவள் ஒருநாளும் யோசித்ததில்லை.

கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, நிமிர்ந்து உட்கார்ந்து குழுவில் எழுதினாள்: "எனக்கு நல்லாயிருச்சுங்க. இனிமே இங்க வர நேரமிருக்காது, பண்ணையில வேல கெடக்குது. நீங்களும் தேறுனா, போறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க."