பாக்கெட்டில் அடீனியம் குச்சி

பூந்தமல்லி பஸ்ஸில் ஏறியதிலிருந்து அம்மாவிடம் அதையே சொல்லிக்கொண்டு வந்தேன். "அங்க எந்தச் செடியையும் ஒடிக்கக் கூடாதும்மா."

"நான் இன்னாத்துக்குடா ஒடிக்கப் போறேன்?"

அம்மா பொய் சொல்லவில்லை. ஒடிப்பது அவளுக்கே தெரியாது. யார் வீட்டு மதில்மேல் செம்பருத்தி எட்டிப் பார்த்தாலும் கை தானாகப் போய் ஒரு குச்சியை ஒடித்து இடுப்பில் செருகிவிடும். சேக்காட்டில் சாலையோரம் இருக்கும் எங்கள் நர்சரியில் பாதிச் செடி அப்படி வந்து தழைத்ததுதான்.

நாங்கள் போனது எங்களைப் போன்ற சின்ன நர்சரிக்காரர்களுக்கான கண்காட்சிக்கு. நெடுஞ்சாலையை ஒட்டிய ஒரு கல்யாண மண்டபம். மணமகன் அறையில் பெயர் பதிந்தார்கள். பந்தி நடக்கும் கூடம் முழுக்கச் செடிகள், தேங்காய் நார்க் கட்டிகள், தண்ணீரைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் தொட்டிகள். எதை முதலில் பார்ப்பது என்று தெரியவில்லை. என் கழுத்தில் மாட்டிய அட்டையில் 'வியாபாரி' என்று போட்டிருந்தது. எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். தாவரவியல் பட்டம் வாங்கிய அன்றுகூட நெஞ்சு இப்படி அடித்துக்கொள்ளவில்லை.

வந்த காரியம் ஒன்றுதான். ஒரு கம்பெனி, பாலைவன ரோஜா என்கிற அடீனியத்தில் புது ரகம் ஒன்றைக் கொண்டுவந்திருந்தது. அடுக்கு இதழ், நடுவில் மஞ்சள், ஓரம் கருஞ்சிவப்பு. அயனம்பாக்கத்து அடுக்குமாடிகளிலிருந்து வருகிறவர்கள் போனில் அந்தப் படத்தைக் காட்டி, "இது இருக்கா?" என்பார்கள். "இல்லைங்க" என்று சொல்லிச் சொல்லி எனக்கு அலுத்துவிட்டது. ஆவடியிலிருந்து பூந்தமல்லி வரைக்கும் ஒரே ஒரு கடைக்குத்தான் அதைத் தருவார்களாம். அந்தக் கடை எங்களுடையதாக இருக்க வேண்டும்.

மாப்பிள்ளையும் பெண்ணும் உட்காரும் மேடையில் செடியை வைத்திருந்தார்கள். படமெல்லாம் அதன் கால்தூசி. குனிந்து தண்டைத் தடவினேன், ஒட்டுப் போட்ட இடத்தைத் தேடினேன். அப்புறம் கம்பெனிக்காரரிடம் போய் நின்றேன். எங்கள் கடையில் வெயில் எந்தப் பக்கம் விழும், மழைக்காலத்தில் அடீனியத்தை எப்படி அழுகாமல் காப்பாற்றுகிறோம், எல்லாம் கேட்டார். கேட்டதற்கு மேலேயே சொன்னேன். கடைசியில் ஒப்பந்தத் தாளை நீட்டினார்.

"கடை யார் பேர்ல?"

"அம்மா பேர்ல சார்."

அம்மாவுக்குக் கையெழுத்து மட்டும்தான் போடத் தெரியும். எந்தத் தாளானாலும் நான் முழுக்கப் படித்துக் காட்டாமல் பேனாவைத் தொட மாட்டாள். "இன்னா எழுதிகீது, படி நைனா" என்றாள்.

ஆங்கிலத்தில் இருந்ததை வரிவரியாகத் தமிழில் சொன்னேன். "இந்த ரகத்துலேர்ந்து குச்சி எடுக்கவோ, ஒட்டுக் கட்டவோ மாட்டேன்னு..."

அங்கே நின்றுவிட்டேன். சட்டைப் பாக்கெட் பிசுபிசுவென்று இருந்தது. குனிந்து பார்த்தால், பேனாவுக்குப் பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு குச்சி, பால் வடிய நின்றுகொண்டிருந்தது. எப்போது ஒடித்தேன் என்று சத்தியமாக நினைவில்லை.

"ஏன் நிறுத்திட்ட? அப்பால இன்னா?"

கையால் மறைத்துக்கொண்டு மேலே படித்திருக்கலாம். ஆனால் சத்தமாகப் படித்துவிட்ட வரியை எப்படி விழுங்குவது? குச்சியை எடுத்து மேஜைமேல் வைத்தேன். "மன்னிச்சிடுங்க சார். என் கைதான்."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. அம்மாதான் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "பஸ்ஸு பூரா எனக்குப் பாடம் எடுத்துகினு வந்தான் சார் இவன். ஒடிக்காத, ஒடிக்காதன்னு."

"இதை வச்சு எத்தனை ஒட்டுக் கட்டலாம் தம்பி?" என்றார் அவர்.

"ரெண்டு சார்." குச்சியை இன்னொருதரம் பார்த்தேன். "பாத்துக் கட்டினா மூணு."

"காலையிலேர்ந்து இந்தச் செடியில அஞ்சு இடத்துல ஒடிச்சிருக்காங்க. ஒரு குச்சி கூடத் திரும்பி வரல." பிறகு குச்சியைத் தன் தண்ணீர்க் குவளைக்குப் பக்கத்தில் ஒதுக்கிவிட்டு, தாளை மறுபடி என் பக்கம் நகர்த்தினார். "மீதியையும் படிச்சுக் காட்டு. அம்மா போடட்டும்."

"அவன் பேன்ட் பாக்கெட்டையும் ஒருதபா பாத்துக்க சார்" என்றாள் அம்மா.

வெளியே இழுத்துக் காட்டினேன். பஸ் டிக்கெட்தான் இருந்தது. அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. கடைசி வரி வரைக்கும் படித்தேன். அம்மா ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். கடைசிப் புள்ளி விழுகிறவரை நான் மூச்சு விடவில்லை.

வெளியே வரும்போது எனக்குக் கால் தரையில் படவில்லை. அம்மா மட்டும் கணக்குப் போட்டுக்கொண்டே வந்தாள். "நீ படிக்காம குடுத்திருந்தா செடியும் வந்திருக்கும், குச்சியும் மிஞ்சியிருக்கும். இதுக்குத்தான் உன்ன காலேஜ்ல சேத்தனா?"

மண்டபத்து வாசலில் வெள்ளைக் காகிதப்பூ கம்பிவேலியைத் தாண்டி நடைபாதைக்குச் சரிந்திருந்தது. அம்மா நின்றாள். கையை நீட்டுவதற்கு முன்னால், முதல்முறையாக என்னைக் கேட்டாள்.

"இது கம்பெனிச் செடியா நைனா?"

"இல்லம்மா."

பையின் வாயை விரித்துப் பிடித்தேன்.