அண்ணன் என்னிடம் மட்டும் கேட்டது

எங்கள் அன்பு அண்ணன் மறைந்து ஓராண்டு நிறைகிறது. இந்த நினைவு மலரைப் பெற்றுக்கொள்ளும் உறவினர்களுக்கும் நண்பர்களுக்கும் தங்கையாகிய என் வணக்கம். தலைகுனிந்தே இதை எழுதுகிறேன்.

அண்ணன் மண்ணிவாக்கத்தில் பிறந்தார். அவர் கல்லூரியில் படிக்கும்போதே அப்பா காலமாகிவிட்டார். மேற்கு தாம்பரத்தில் வீடு வீடாகப் போய் டியூஷன் எடுத்துத் தானும் படித்தார், என்னையும் ஆசிரியர் பயிற்சியில் சேர்த்தார். பிறகு காட்டாங்குளத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் வேதியியல் பேராசிரியரானார். ஓய்வுபெற்ற பின் ஞாயிறுதோறும் பெரும்பாக்கம் குடியிருப்புப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லித்தரப் போவார். போகிற வழியில் என்னை ஸ்கூட்டரில் ஆலய வாசலில் இறக்கிவிடுவார். உள்ளே வரமாட்டார். "நிரூபிக்க முடியாததை நான் எப்படி நம்புறது, பாப்பா?" என்று சிரிப்பார். ஆனால் என் ஜெபத்தை ஒருநாளும் கேலி செய்ததில்லை.

கணையத்தில் புற்றுநோய் என்று தெரிந்ததும் மருத்துவர் சொல்லத் தயங்கியதை அண்ணனே எங்களுக்கு விளக்கிச் சொன்னார். ஒரு மாலை அண்ணி மருந்து வாங்கப் போயிருந்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

"பாப்பா, இந்த உடம்புக்கு என்ன ஆகப்போகுதுன்னு எனக்கு நல்லாத் தெரியும். ஆனா போகப்போறது நான்தானே? அந்த நான் யாரு, எங்க போறேன்னு எங்க சப்ஜெக்ட்ல இல்ல. பயமா இருக்கு. நீ என்ன நினைக்கிற?"

அத்தனை படித்தவர் என்னிடம் கேட்டார். எனக்கோ ஜெயித்துவிட்ட சந்தோஷம். "ஆண்டவர் உன்னைத் தொட்டுட்டார்ண்ணா!" என்று அழுதேன். அவர் கேட்டதற்குப் பதில் சொல்லாமல் பால்கனிக்குப் போய், அண்ணன் மனம் திரும்பிவிட்டார் என்று சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவுக்கும் எங்கள் சபை பாஸ்டருக்கும் அனுப்பினேன்.

மறுநாளே பாஸ்டர் ஜெபக்குழுவுடன் வந்துவிட்டார். எல்லாரும் பாடினார்கள். அண்ணன் வந்தவர்களுக்குக் காபி போடச் சொன்னார். அதற்குள் செய்தி எங்கெங்கோ பரவியிருந்தது. சிறுசேரியில் வேலை பார்க்கும் பழைய மாணவர் ஒருவர் அண்ணனை அழைத்தார். ஸ்பீக்கரில் அவர் குரல் கேட்டது.

"சார், நீங்களுமா?"

அண்ணனுக்கு முகம் சிவந்துவிட்டது. போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"உன்கிட்ட மட்டும்தானே பாப்பா கேட்டேன்?"

அவ்வளவுதான் சொன்னார். கோபித்துக்கொள்ளவில்லை. அதன்பின் என்னிடம் கஞ்சி, மருந்து, வெயில் இவற்றைப் பற்றி மட்டுமே பேசினார். மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் எழவில்லை. ஏன் அன்று பால்கனிக்கு ஓடினேன் என்று யோசித்தபோதுதான் புரிந்தது: ஜெபக்கூட்டங்களில் அத்தனை பேசும் எனக்கும் அவர் கேட்டதற்குப் பதில் தெரியாது.

கடைசியில் ஒரு மதியம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "எனக்கும் தெரியலண்ணா. எனக்கும் பயம்தான். ஆனா நீ போற இடத்துல யாரோ உனக்காகக் காத்திருக்காங்கன்னு நம்புறேன்" என்றேன். அப்போது அவருக்கு நினைவு தப்பியிருந்தது. அன்று மாலை கண்மூடினார்.

அண்ணனைக் குழந்தையைப் போல் பார்த்துக்கொண்ட அண்ணிக்கும், மருத்துவமனையில் மாறி மாறித் துணையிருந்த மாணவர்களுக்கும், இறுதிவரை உடனிருந்த அண்டை வீட்டாருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. நான் சொன்னதை நம்பி வந்து ஜெபித்த பாஸ்டருக்கும் நன்றி, அவர்மேல் தவறில்லை.

உறவினர்களுக்கு ஒன்று: அன்று நான் அனுப்பியது உண்மையல்ல. அண்ணன் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. தனக்குத் தெரியாததைத் தெரியாது என்று சொல்லித் தன் தங்கையிடம் கேட்டார். அவரை அப்படியே நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.