கீயில் இல்லாத பதில்

விடைத்தாள் கட்டைப் பிரித்ததும் ஒரு வாசனை வரும். பசை, சணல், பிள்ளைகளின் கை வியர்வை எல்லாம் கலந்து... அது மூக்கில் பட்டால் இப்போதும் எனக்கு அந்த ஒரு தாள்தான் ஞாபகம் வரும்.

அப்போது ஆழ்வார்குறிச்சிப் பக்கம் ஒரு பள்ளியில் தமிழாசிரியையாகச் சேர்ந்த புதிது. வேலை நிரந்தரமாகவில்லை. பத்தாம் வகுப்பை என் தலையில் கட்டியிருந்தார்கள்.

அரையாண்டுத் தேர்வில் ஒரு கூத்து நடந்தது. பாடத்தில் ஒரு கவிதை. களத்தில் நெல் காயும்போது மழை வந்துவிடும், ஒரு அம்மா பார்த்துக்கொண்டு நிற்பாள். அந்த அம்மாவைப் பற்றிக் கேள்வி. வகுப்பில் பாதிப் பேர் ஆற்றின் அழகை எழுதி வைத்திருந்தார்கள்.

கைடில் மூன்றாவது பதில் ஆற்றைப் பற்றியது. வினாத்தாளில் மூன்றாவது கேள்வி அம்மாவைப் பற்றியது. கேள்வியை யாரும் வாசிக்கவே இல்லை... எண்ணைப் பார்த்து இறக்கிவிட்டார்கள்.

முதலில் சிரிப்பாக வந்தது. அப்புறம் பயமாகிவிட்டது.

மறுநாள் கைடை மூடச் சொன்னேன். "உனக்கு என்ன தோணுதோ அதை ஒரு வரியில சொல்லு. எந்தச் சொல்லு உன்னை அப்படி நினைக்க வச்சுதுன்னு காட்டு. ஏன்னு எழுது. அவ்வளவுதான்."

வகுப்பே முழித்தது. முத்துலட்சுமிதான் முதலில் எழுதிக்கொண்டு வந்தாள். மனப்பாடம் அவளுக்கு அறவே வராது. அரையாண்டில் தமிழிலேயே பெயில்.

'இந்த அம்மா மழையைத் திட்டவில்லை. வந்துட்டியா என்று மட்டும் கேட்கிறாள். திட்டினால் அடுத்த வருஷம் வராமல் போய்விடுமோ என்று பயப்படுகிறாள்' என்று எழுதியிருந்தாள்.

திரும்ப ஒரு தடவை வாசித்தேன். அந்தக் கவிதையை நடத்திய எனக்கே அது தோன்றியதில்லை.

"நோட்ஸ்ல இல்லாததை எழுதுனா பரிட்சையில மார்க் போடுவாவளா டீச்சர்?"

"போடுவாங்கட்டி, பயப்படாம எழுது" என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போது தைரியமாகத்தான் இருந்தது.

ஒரு வாரத்தில் அவள் அம்மா வந்தாள். பீடி சுற்றுகிறவள், விரலெல்லாம் புகையிலைத் தூள். சண்டைக்கு வரவில்லை, அதுதான் இன்னும் கஷ்டமாக இருந்தது.

"நீங்க புதுசா என்னமோ சொல்லிக்கொடுக்கியளாமே. அவளும் ஆசையாத்தான் எழுதுதா. ஆனா பெயிலாயிட்டான்னா அவ அப்பா படிப்பை நிப்பாட்டிருவாவ டீச்சர். பொறவு எங்கூடப் பீடித்தட்டுக்கு முன்னால உக்கார வேண்டியதுதான்."

அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. என் ஆசைக்கு ஒரு பிள்ளையின் படிப்பைப் பணயம் வைக்கிறேனோ...

பொதுத்தேர்வில் அந்தக் கவிதையே வந்தது. ஹாலை விட்டு வெளியே வந்த முத்துலட்சுமி, "சொந்தமாவே எழுதிட்டேன் டீச்சர்" என்று சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன்.

அடுத்து, மாவட்டத் தலைநகரில் தாள் திருத்தும் முகாம். அம்பாசமுத்திரத்தில் பஸ் ஏறி, வண்ணார்பேட்டையில் இறங்கிப் போவேன். எங்கள் பிள்ளைகளின் தாள்கள் வேறு ஏதோ மாவட்டத்துக்குப் போயிருக்கும். எங்களுக்கு வந்தவை யார் பெற்ற பிள்ளைகளுடையவையோ. கையில் ஒரு கீ கொடுப்பார்கள், அதாவது விடைக்குறிப்பு. அதில் உள்ள பாயிண்ட் இருந்தால் மார்க், இல்லாவிட்டால் இல்லை. அம்மாவின் வறுமை, உழைப்பு, இயற்கையின் சீற்றம் என்று போட்டிருந்தது.

எல்லாத் தாளிலும் அதே வறுமை, அதே உழைப்பு. நடுவில் ஒன்று வந்தது. கோணல் எழுத்து. 'நெல்லை அள்ள ஓடாமல் ஏன் நிற்கிறாள்? கூடச் சேர்ந்து அள்ள வீட்டில் வேறு ஆள் இல்லை' என்று எழுதியிருந்தது.

கீயில் அப்படி எதுவும் இல்லை. சிவப்புப் பேனாவைக் கீழே வைத்துவிட்டுத் தாளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இதே நேரம் எங்கோ ஒரு ஊரில் முத்துலட்சுமியின் தாளை யாரோ இப்படிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். நான் இதை அடித்தால் அவர்கள் அதை அடித்துவிடுவார்கள்... பைத்தியக்காரத்தனம்தான். ஆனால் அப்படித்தான் தோன்றியது.

ஐந்துக்கு நான்கு போட்டேன்.

நாங்கள் திருத்தியதைச் சரிபார்க்கும் மேஜைத் தலைவர் சாயங்காலம் கூப்பிட்டார். ரொம்ப வருஷ அனுபவம் உள்ள பெரியவர்.

"இதுக்கு எப்படி நாலு போட்டிய?"

"நல்லா யோசிச்சு எழுதியிருக்கு, சார். கவிதையில ஆதாரமும் இருக்கு." அந்த வரியைத் தொட்டுக் காட்டினேன்.

"நல்லாத்தான் இருக்கு. நான் இல்லங்கல. மறுகூட்டல், விசாரணைன்னு நாளைக்கு வந்து நின்னா யாரு பதில் சொல்லுவா, நீங்களா நானா? மெமோ குடுத்தா தாங்குவியளா?"

வேலை போனால் வீட்டில் என்ன சொல்வது என்றுதான் முதலில் மனசில் ஓடியது. ஆனாலும், "மார்க்கைக் குறைக்க எனக்கு மனசில்லை, சார்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் அடுத்த கட்டை இழுத்துக்கொண்டார். "வச்சிட்டுப் போங்க. நான் பாக்கேன்."

வைத்துவிட்டு வந்தேன். மெமோ வரவில்லை. அந்த நான்கை அவர் விட்டாரா, அடித்தாரா... கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

ரிசல்ட் வரும் வரை நான் நானாக இல்லை. முத்துலட்சுமி பாஸ். தமிழில் நல்ல மார்க்.

போன மாதம் அம்பாசமுத்திரம் பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். ஆஸ்பத்திரி லேப்பில் வேலை. கையைப் பிடித்துக்கொண்டு, "டீச்சர், அன்னைக்கு எம் பேப்பரைத் திருத்துனது நீங்கதான? எனக்கு அப்பவே தெரியும்" என்றாள்.

"இல்லட்டி, அது வேற ஊருக்குப் போச்சு" என்றேன். அவள் நம்பவில்லை.

இப்போது முகாமில் அந்தத் தலைவர் மேஜையில் நானே உட்காருகிறேன். சொந்தமாக எழுதியிருந்தால் தாராளமாகப் போடுங்கள் என்று முதல் நாளே சொல்லிவிடுகிறேன். அப்படி ஒரு தாள் வருவதுதான் அரிதாகிவிட்டது. பிள்ளைகள் செல்போனிடம் கேட்டு, வழவழவென்று ஒரு பதிலை மனப்பாடம் செய்து வருகிறார்கள். கோணல் எழுத்துகூட இல்லை.

முத்துலட்சுமிக்கு மார்க் போட்ட அந்த யாரோ ஒருவரும் என்னைப் போலப் பயந்துகொண்டுதான் போட்டிருப்பார். அவருக்கு ஒரு மேஜைத் தலைவர் இருந்திருப்பார், அவர் விட்டிருக்கிறார்.

என் மேஜைத் தலைவர் அந்த நான்கை விட்டாரா?

ஒவ்வொரு வருஷமும் ரிசல்ட் அன்று ஊரே தன் பிள்ளையின் நம்பரைத் தேடும். நான் மட்டும், பெயரும் ஊரும் தெரியாத அந்தக் கோணல் எழுத்துப் பிள்ளையை நினைத்துப் பயந்துகொண்டிருப்பேன்.