ஏட்டையா விசாரித்த பீப்பாய்

ஏட்டு சுடலைக்கண்ணு போலீஸில் இருந்த காலத்தில் செங்கோட்டை மலையடிவாரத்தில் அவர் உடைக்காத சாராய ஊறல் பானை கிடையாது. உடைப்பதற்கு முன் ஒரு குடத்தைத் தனியாக எடுத்து வைப்பாராம். சாட்சிக்காக இருக்கும், நமக்கென்ன! ஓய்வு பெற்றுத் தென்காசியில் வந்து உட்கார்ந்த அந்த மனிதர்தான் இப்போது வீட்டின் பின்கட்டில் பீர் காய்ச்சுகிறார். கேட்டால், இது ஊறல் இல்லையாம், கிராஃப்ட் பீராம்.

எல்லாம் பெங்களூரில் இருக்கும் மகன் பார்த்த வேலை. பீரில் நுரை கட்டவைக்கும் கேஸ் சிலிண்டரையும் குழாய் வைத்த எவர்சில்வர் பீப்பாயையும் அனுப்பிவைத்தவன் அவன். புளித்த பீரை அதில் ஊற்றி, கேஸை அளவாகத் திறந்து, ஃபிரிட்ஜில் ரெண்டு வாரம் தொடாமல் வைக்க வேண்டும், சூட்டில் கேஸ் பீருக்குள் இறங்காது என்று போனில் படித்துப் படித்துச் சொல்லியிருந்தான்.

அதற்குள் மகள் ஜெயசித்ராவுக்குச் சம்பந்தம் பேச ஆள் வருவது முடிவாகிவிட்டது. அவளுக்கு அந்தப் பையனை ரொம்பப் பிடித்திருந்தது. பையனின் அப்பா முத்துச்செல்வம் இன்ஸ்பெக்டர். ஐந்தருவியில் குளித்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருவதாக ஏற்பாடு. நுரை ததும்ப ஒரு தம்ளரை நீட்டி, ஏட்டு வீடுதானே என்கிற இளக்காரத்தை அவர் மூஞ்சியிலிருந்து துடைத்துவிடுவது என்று சுடலைக்கண்ணு கங்கணம் கட்டியிருந்தார்.

கறி வைக்க ஃபிரிட்ஜில் இடம் வேண்டும் என்று மனைவி நிர்மலாதேவி சொன்னதும் பீப்பாய் மொட்டை மாடிக்குப் போனது. குற்றாலத்துச் சாரல் காற்றை விடவா குளிர்ச்சி என்று நினைத்துவிட்டார். சனிக்கிழமை பிடித்துப் பார்த்தால் கழனித்தண்ணி மாதிரி சப்பென்று வந்தது. ஒரு குமிழி இல்லை. வாயைத் திறக்காதவர்களைத் திறக்கவைக்க ஏட்டையாவுக்குத் தெரிந்தது ஒரே வழிதான்.

"ஏட்டி, ரெண்டு சாத்து சாத்துனா எல்லாம் தன்னால வெளிய வரும்," என்றார் மனைவியிடம். கேஸை முழுக்கத் திறந்தார். பீப்பாயை உருட்டினார், குலுக்கினார், பழைய லத்தியால் அடித்தார், கடைசியில் காலால் உதைத்தார். செய்யாத திருட்டை எத்தனையோ பேரை ஒப்புக்கொள்ள வைத்த கால் அது.

மறுநாள் சம்பந்தி முன்னால் குழாயைத் திறந்தார். எல்லாம் வெளியே வந்தது. சீறிய நுரை மின்விசிறி வரைக்கும் போய், இன்ஸ்பெக்டரின் மீசையிலும் வெள்ளைச் சட்டையிலும் இறங்கியது. வீடே புளித்து நாறியது. ஜெயசித்ராவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

முத்துச்செல்வம் மூஞ்சியைத் துடைத்துக்கொண்டார். அதட்டக்கூட இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்.

"இத யாரு காய்ச்சுனது, அண்ணாச்சி?"

"நான் இல்ல. இவதான்," என்று சுடலைக்கண்ணு மனைவியைக் கைகாட்டினார். சீ, இதுவும் ஒரு ஆம்பளை!

தரையைத் துடைத்துக்கொண்டிருந்த நிர்மலாதேவி துணியைக் கீழே போட்டுவிட்டு நிமிர்ந்தாள்.

"உங்கள யாரும் ஒரு அடிகூட அடிக்கலையே. அதுக்குள்ள பொண்டாட்டியக் காட்டிக் குடுத்துட்டியளே."

இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. கல்யாணத் தேதியிலிருந்து சாப்பாடு வரைக்கும் எல்லாவற்றையும் அன்றைக்கே நிர்மலாதேவியிடம் பேசி முடித்தார். ஏட்டையாவிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.