நாக்கு சிவக்காத மிட்டாய்

தின்பண்டத்துக்கு நிறம் கலக்கிறவனை, நிறம் சரியாக அமைந்த நாளில் யாரும் நினைப்பதில்லை. ருசிக்கான பெயர் பாகு மாஸ்டருக்குப் போகும். குறை மட்டும் நம்மைத் தேடி வரும். அச்சுக் கோப்பவர்கள், கல்யாண வீட்டில் உப்புப் போடுகிறவர்கள் எல்லோரும் நம் கட்சிதான்.

மலாயாவில் தமிழும் இங்கிலீஷும் படித்து, மீனை அரைத்து டின்னில் அடைக்கும் ஆலையில் நிறம் கலந்து, நாற்பத்தேழு வயதில் திருப்பூர் திரும்பினேன். இங்கே ஒரு மிட்டாய்க் கம்பெனியில் அதே வேலை கிடைத்தது. சிவப்பு மிட்டாய்க்குப் போடுவது, பக்கத்துப் பட்டறையில் பனியனுக்குச் சாயமேற்றும் பொடி என்று முதல் நாளே தெரிந்தது. வயிற்றுக்குள் போகிற பொருளில் அதை நான் கலக்க மாட்டேன் என்றேன். மீன் ஆலையில் நாங்கள் போட்டது இரும்பிலிருந்து எடுக்கும் செந்தூள். உணவுக்கென்று சுத்தம் செய்து, மூடி ஒட்டிய டின்னில் வரும். அதை வரவழைக்கலாம் என்றும் சொன்னேன்.

முதலாளி சென்னியப்பன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் தேவலை.

"சிவன்மலைத் தேருக்கு உங்க பொடியிலயே சரக்குப் போடலாமுங்க. வித்துதுன்னா இருங்க. விக்கலீன்னா பழைய பொடிதான், கலக்கறதுக்கு வேற ஆளுதான்."

டின் வந்த நாள்

பழைய ஆலையில் இருந்த நண்பருக்கு எழுதி ஒரு டின் வரவழைத்தேன். அடைப்பைத் திறந்ததும் பாகு மாஸ்டர் ரங்கசாமி எட்டிப் பார்த்தார். அப்போது ஊரில் புது வீடு கட்டுகிறவர்கள் எல்லோரும் ரெட் ஆக்சைடு தரை போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர் வீட்டிலும் போன மாதம்தான் போட்டிருந்தார்கள். தூளை விரலில் தொட்டார், தேய்த்தார், முகர்ந்தார்.

தரைக்குப் போடுவதும் இதே இரும்புத் தூள்தான், ஆனால் அதில் ஈயமும் இன்னும் என்னென்னவோ இருக்கும், இதில் அதையெல்லாம் நீக்கியிருக்கிறார்கள் என்று விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். பாகைக் கிண்டத் திரும்பியபடியே சொன்னார்:

"செரிங்க. தின்னு முடிச்சவிய வவுத்தத் தேங்கா எண்ணெ போட்டுத் தேச்சு உட்டீங்கன்னா, எங்கூட்டுத் தரையாட்டமே மினுமினுக்குமுங்க."

பட்டறைக்காரர் பரிசோதனை

பழைய பொடியைக் கொடுத்துக்கொண்டிருந்த சாயப்பட்டறைக்காரர் ஒருநாள் வந்தார். நான் குறை சொன்னது காதுக்கு எட்டியிருக்க வேண்டும். புது மிட்டாயை வாயில் போடவில்லை. ஒரு டம்ளர் வெந்நீர் கேட்டு வாங்கி, அதில் போட்டுவிட்டு உட்கார்ந்துகொண்டார். துணியில் சாயம் போகிறதா என்று பார்க்க அவர் வைக்கும் பரிசோதனை அதுதான்.

சர்க்கரை கரைந்தது. செந்தூள் கரையாமல் மெல்ல அடியில் தங்கியது. மேலே தண்ணீர் தெளிந்து நின்றது. டம்ளரை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தவர் நெடுநேரம் கீழே வைக்கவில்லை. பனியனுக்கு இது ஆகுமா என்று கேட்டார். நூலில் ஒட்டாது, அலசினால் போய்விடும் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது.

"தண்ணியில எறங்காத செவப்புக்கு இருவது வருசமா நாயா அலையறனுங்க. அது கடைசீல மிட்டாய்க்குத்தான் வாச்சுதா?"

தேர்க்கடை

தைப்பூசத் தேரன்று கம்பெனிக் கடைக்குப் பக்கத்திலேயே நின்றேன். என் வேலை அங்கிருந்த மிட்டாய் மூட்டைகளில் கட்டிக் கிடந்தது. செங்கல் நிறத்தில், பளபளப்பு இல்லாமல் இருந்தது மிட்டாய். இருந்தும் பனியன் கம்பெனிப் பெண்கள் ஆறேழு பேர் வாங்கினார்கள். வாயில் போட்டுக்கொண்டு, ஒருத்தி முன்னால் ஒருத்தி நாக்கை நீட்டிக் காட்டினார்கள். தேர் மிட்டாய் என்றால் நாக்கு சிவக்க வேண்டும். யாருக்கு அதிகம் சிவந்தது என்பதுதான் விளையாட்டே. ஒருத்திக்கும் சிவக்கவில்லை.

நான் குறுக்கே புகுந்து, சாயம் வயிற்றுக்கு ஆகாது என்று ஆரம்பித்தேன். கூட்டம் கலைந்தது. கடைசியாகப் போனவள் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"நாக்குச் செவக்கலீன்னா அதுக்கு மிட்டாய் எதுக்குங்க? ஊட்டுல சக்கரை இருக்குதே!"

வெள்ளைச் சட்டை

மத்தியானம் வரை மூட்டை இளைக்கவில்லை. சென்னியப்பன் என்னிடம் பேசுவதை நிறுத்தியிருந்தார். அப்போது ஒருவர் கத்திக்கொண்டே வந்தார். தோளில் பெண் குழந்தை. அதன் கையில் நம் மிட்டாய். அது ஒழுகி, அவருடைய புது வெள்ளைச் சட்டை காலர் முதல் பை வரை சிவப்பாகியிருந்தது. போன வருடத் தேரிலும் இதே கடை மிட்டாயால் ஒரு சட்டை போயிற்றாம். அதில் அவர் சொன்னது சரி. அந்தப் பழைய பொடியே துணியைப் பிடிப்பதற்கென்று செய்ததுதானே.

நான் ஒரு செம்புத் தண்ணீரை எடுத்து அந்த இடத்தில் ஊற்றி அலசினேன். செந்தூள் வண்டலாக இறங்கி மண்ணில் போயிற்று. சட்டை வெள்ளையாக நின்றது. சுற்றி நின்றவர்கள் சட்டையை நெருங்கிப் பார்த்தார்கள். எல்லோரும் துணி ஊர்க்காரர்கள். நடந்தது இன்னதென்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. முதலில் அந்த மனிதரே அரைக் கிலோ கேட்டார். அதற்குப் பிறகு பொட்டலம் கட்டக் கை போதவில்லை. பொழுது சாயும்போது காலிச் சாக்கை உதறி மடித்தபடி சென்னியப்பன் சொன்னார்:

"வவுறு வவுறுன்னு ஒரு மாசமாச் சொன்னீங்களே, இதைய மொதல்லயே சொல்லியிருக்கலாமில்லீங்க?"

வயிற்றைக் காப்பாற்ற நான் கொண்டுவந்த பொடியை இந்த ஊர் சட்டையைக் காப்பாற்ற ஏற்றுக்கொண்டது. என் வேலையும் அந்தச் சட்டையோடு சேர்ந்து பிழைத்ததால், நான் யாரையும் திருத்தப் போகவில்லை.